பூசை, வெருகு, பிள்ளை: பூனைக்கு வழங்கும் பெயர்கள் பற்றி வாசகர் கேட்டவை

பூனையைக் கொஞ்சிச் சொல்லும் ‘பூசை’ என்ற சொல்லைப் பற்றியும் அதன் உறவுச் சொற்களைப் பற்றியும் வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

எங்கள் ஊர்ப் பக்கம் பூனையைப் ‘பூச்சை’ என்போம். கொஞ்சும்போது ‘பூச்சைக்குட்டி’. சென்னையில் படிக்கும் என் மகள் அப்படிச் சொன்னால், ‘அது மலையாளம்’ என்று தோழிகள் திருத்துகிறார்களாம். இது தமிழ்ச்சொல் இல்லையா? (வாசகி, நாகர்கோவில்)

தமிழ்ச்சொல்தான். மகள் திருத்திக்கொள்ள வேண்டியது ஒன்றுமில்லை. மலையாளத்திலும் வழங்குகிறது என்பதற்காக ஒரு சொல் தமிழை விட்டுப் போய்விடாது.

‘இப்படிச் சொல்லலாமா?’ என்று தோழிகள் இன்று எழுப்பும் கேள்வி தொல்காப்பியர் காலத்திலேயே எழுந்திருக்கிறது. அவருடைய நூலின் மரபியல் என்ற பகுதியில் ‘வெவ்வாய் வெருகினைப் பூசை என்றலும்’ என்று, வெருகு என்னும் பூனையைப் பூசை என்று சொல்வது பற்றி ஓர் அடி வருகிறது. குரங்கின் ஆணைக் கடுவன் என்பது, கூகையைக் கோட்டான் என்பது, கிளியைத் தத்தை என்பது ஆகியவற்றோடு இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, ‘முடிய வந்த வழக்கின் உண்மையின் கடியல் ஆகா கடன் அறிந்தோர்க்கே’ என்று முடிக்கிறார். வழக்கில் நிலைத்துவிட்ட பெயர்கள் இவை, மரபறிந்தவர்கள் இவற்றை விலக்க மாட்டார்கள் என்பது பொருள். மகளின் தோழிகளிடம் இந்த ஓரடியைக் காட்டினால் போதும்.

அடுத்த சான்று கம்பர். தம் காப்பியத்தின் அவையடக்கத்தில் அவர் சொல்வது:

‘ஓசை பெற்றுயர் பாற்கடல் உற்றொரு
பூசை முற்றவும் நக்குபு புக்கென
ஆசை பற்றி அறையலுற் றேன்மற்றிக்
காசில் கொற்றத் திராமன் கதையரோ’

பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிடலாம் என்று ஒரு பூனை புறப்பட்டதுபோல, ஆசையினால் இராமன் கதையைச் சொல்லத் தொடங்கினேன் என்கிறார். ஓசை, பூசை, ஆசை, காசு என்று இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகைக்கு இந்தச் சொல் பொருந்தியது உண்மைதான். ஆனால் எதுகை மட்டும் காரணமாகத் தோன்றவில்லை. ‘வெருகு’ கோழி பிடிக்க வேலியோரம் பதுங்குவது; பால் சட்டியைத் தேடி வருவது பூசை. தம்மைச் சின்னஞ்சிறிய, ஆசைமிக்க உயிராகக் காட்ட வந்த இடத்தில் வீட்டோடு ஒட்டிய சொல்லையே கம்பர் எடுத்திருக்கிறார்.

உறவு மொழிகளிலும் இந்தச் சொல் பரவியிருக்கிறது. மலையாளத்தில் ‘பூச்ச’, துளுவில் ‘புச்செ’, குடகில் ‘பூச்செ’. தமிழில் பூசை, பூஞை, பூனை என்ற மூன்று வடிவங்களும் பதிவாகியுள்ளன. பொதுவழக்கில் பூனை வென்றது. தெற்கே, மலையாளத்தை ஒட்டிய உங்கள் பகுதியில் பழைய வடிவம் சகரம் இரட்டித்து உயிரோடு இருக்கிறது.

எழுதுவோருக்கு ஒன்று. கதையில் பேச்சாக வரும்போது ‘பூச்சை’ என்றே எழுதுங்கள், கட்டுரையில் ‘பூசை’. அச்சுக்குப் போகும் முன் ‘பூச்சையை’ என்ற இடங்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள். பிழை திருத்துபவரும் திருத்தும் மென்பொருளும் அதைப் ‘பூச்சியை’ என்று மாற்றிவிடுவது வழக்கம். ‘பாட்டி பூச்சியை மடியில் வைத்துத் தடவினாள்’ என்று அச்சாகிவிட்டால் கதையே கெட்டுவிடும்.

பூசை என்றால் வழிபாடும் ஆயிற்றே? இரண்டும் ஒரே வேரா? பூனையை வழிபட்டதால் வந்த பெயர் என்று ஒரு பேச்சாளர் சொன்னார். (வாசகர், சேலம்)

இல்லை. வழிபாட்டைக் குறிக்கும் பூசை, வடமொழி ‘பூஜா’ தமிழ் ஒலிக்கு வந்த வடிவம். ஜகரம் சகரமானதும் அது பூனைப் பெயரோடு ஒலியில் ஒன்றிவிட்டது. ‘நல்ல பூசை விழுந்தது’ என்று அடி வாங்கியதைச் சொல்கிறோமே, அது வழிபாட்டுப் பூசையிலிருந்து வந்த பேச்சு விளையாட்டு. பூனைக்கு அதில் பங்கில்லை.

இத்தகைய ஐயங்களை நீங்களே தீர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பிறகு துணைத் தொகுதியும் வந்தது. இன்று இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஒரே எழுத்தில் அமைந்த வெவ்வேறு சொற்களுக்கு அது தலைச்சொல்லின் அருகே சிறிய எண் இட்டுத் தனித்தனிப் பதிவு தரும். எண் வேறானால் வேர் வேறு என்று கொள்க. ஒரே பதிவுக்குள் 1, 2, 3 என்று வருபவை ஒரே சொல்லின் பல பொருள்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் மேடைச் சொல்லாராய்ச்சிகள் பலவும் தடம் புரள்கின்றன.

பொருளுக்குப் பின்னால் அடைப்புக்குள் (பிங்.), (திவா.), (சூடா.) என்று இருந்தால் அந்தப் பொருள் பிங்கலம், திவாகரம், சூடாமணி ஆகிய நிகண்டுகளிலிருந்து, அதாவது செய்யுள் வடிவிலான பழைய சொற்பொருள் நூல்களிலிருந்து, எடுத்தது. நூல் பெயரும் பாட்டு எண்ணும் இருந்தால் புலவர் ஒருவர் ஆண்ட சொல். இடவழக்குக் குறி இருந்தால் ஒரு வட்டாரத்தின் பேச்சு. யாழ்ப்பாணத்துக்கும் நாஞ்சில்நாட்டுக்கும் தனிக் குறிகளே உண்டு. சொல்லின் வயதை மதிப்பிட இந்த அடைப்புக்குறியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பொருளை மட்டும் படித்துவிட்டு மூடுவது பாதி வேலை.

வெருகு என்றால் ஆண் பூனை என்று படித்தேன். காட்டுப்பூனை என்றும் சொல்கிறார்கள். எது சரி? (வாசகர், மதுரை)

இரண்டும் அகராதியில் உண்டு. ஆனால் சங்கப் பாடல்களைப் படிக்கும்போது ‘ஆண் பூனை’ என்ற பொருளை உள்ளே கொண்டுபோகாதீர்கள். காரணத்தைச் சொல்கிறோம்.

புறநானூறு 324-ஆம் பாட்டு ‘வெருக்கு விடை அன்ன வெருள் நோக்கு’ என்று தொடங்குகிறது. வேட்டுவர் வீட்டுச் சிறுவர்களின் பார்வையை வெருகின் விடைக்கு, அதாவது ஆணுக்கு, ஒப்பிடுகிறார் ஆலத்தூர் கிழார். (எருது ‘எருத்துக் கால்’ என்று இரட்டிப்பதுபோல வெருகு இங்கே ‘வெருக்கு’ ஆகியிருக்கிறது.) வெருகு என்றாலே ஆண் என்றால், அதன்மேல் ‘விடை’ என்று இன்னொரு ஆண்பாற் பெயர் எதற்கு? ஆண், பெண் இரண்டுக்கும் பொதுவான பெயராக இருந்ததால்தான் விடை தேவைப்பட்டது. ஆண் என்ற பொருள் பின்னால் குறுகி வந்தது.

இனி, எந்த விலங்கு? பாட்டுகள் தரும் அடையாளங்களைச் சேர்த்துப் பாருங்கள். குறுந்தொகை 139-இல் மாலை நேரத்தில் வேலிப் பக்கம் வெருகுகள் வர, மனைக் கோழி பதறித் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. புறநானூறு 326-இல் ‘ஊர்முது வேலிப் பார்நடை வெருகு’. ஊரின் பழைய வேலியோரம் பார்த்துப் பார்த்து அடிவைக்கும் நடை. குறுந்தொகை 107-இல் தலைவி, தன்னை விடியலில் எழுப்பிவிட்ட சேவலைச் சபிக்கிறாள்: நள்ளிருளில் வீட்டெலியைப் பார்த்திருக்கும் ‘பிள்ளை வெருகிற்கு’ நீ இரையாகிப் போ என்கிறாள். பல் பற்றியும் குறிப்பு இருக்கிறது. முல்லை அரும்பு ‘பிள்ளை வெருகின் முள்ளெயிறு’ போல இருந்தது என்கிறார் கபிலர் (புறம் 117). முல்லை பூத்திருப்பது ‘வெருகு சிரித்தன்ன’ இருந்தது என்கிறார் ஒக்கூர் மாசாத்தியார் (குறுந்தொகை 220). கூர்மையாக, வெண்மையாக, சற்றே வளைந்த முல்லை மொட்டு ஒன்றைக் கையில் எடுத்து, கொட்டாவி விடும் பூனையின் கோரைப்பல்லோடு வைத்துப் பார்த்தால் அந்த உவமையின் துல்லியம் விளங்கும்.

ஊர் வேலி, புதர், வயல், மாலை நேரம், கோழி, எலி. இவ்வளவும் பொருந்துவது புதர்க்காடும் விளைநிலமும் ஒட்டிய இடங்களில் வாழும் காட்டுப்பூனைக்கு. கால் நீண்டு, வால் குறுகி, காது நுனியில் சிறு மயிர்க்குச்சத்தோடு இருக்கும் இனம். என்றாலும் 107-ஆம் பாட்டில் வீட்டெலியையே வெருகு பார்த்திருக்கிறது. தொல்காப்பியரும் ‘வெருகினைப் பூசை என்றலும்’ என்று ஒரே விலங்குக்கு இரு பெயர் தருகிறார். காட்டில் இருப்பது, வீட்டில் இருப்பது என்ற கறாரான பிரிவு அன்றைய சொல்லில் இல்லை. பிற்கால வழக்குதான் வேலி போட்டது என்பது எங்கள் முடிவு.

மலையாள நூல்களைப் படிப்பவர்கள் கவனிக்க: அங்கே இன்று ‘வெருகு’ என்பது புனுகுப்பூனை வகையைக் குறிக்கிறது. பெயரில் பூனை இருந்தாலும் அது பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கே அல்ல. கன்னடத்தில் நிலைமை வேறு. அங்கே வீட்டுப்பூனைக்கே ‘பெக்கு’ என்று பெயர். அதன் பழைய வடிவம் ‘பெர்கு’. வகரம் பகரமாகும் கன்னட வழக்கை நினைத்துப் பார்த்தால், அது நம் வெருகின் உடன்பிறப்பு என்பது தெரியும்.

ஆங்கிலேயர் பூனையைப் ‘புஸ்’ என்கிறார்கள். சிங்களத்தில் ‘பூஸா’. எல்லாம் நம் பூசையிலிருந்து போனவையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

ஆங்கிலச் சொல் நம்மிடமிருந்து போகவில்லை. டச்சு மொழியில் ‘பூஸ்’, ஐரிஷில் ‘புஷீன்’ என்று அக்கம்பக்கத்திலேயே அதற்கு உறவுகள் உண்டு. நம் சொல்லும் அங்கிருந்து வரவில்லை. ஆங்கிலேயக் கப்பல் இந்தப் பக்கம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கம்பர் பூசையைப் பாட்டில் வைத்துவிட்டார். துருக்கியில் ‘பிஸி’, ருமேனியாவில் ‘பிஸிகா’, பிலிப்பைன்ஸின் தகாலோகு மொழியில் ‘பூசா’ என்றும் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மொழிகள் இவை.

இதழ் குவித்து ஒரு பகரம், பின்னால் காற்று உரசும் ஒரு சகரம்: பூனையைக் கூப்பிட எழுப்பும் ஒலியே பல இடங்களில் பெயராகியிருக்க வேண்டும். பூனையின் செவியும் இதற்கு ஒத்துழைக்கிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பூனைக்கு 60,000 ஹெர்ட்ஸையும் தாண்டிக் கேட்கும். எலிகளின் கீச்சொலி அந்த உயரத்தில் இருப்பதால் வேட்டைக்கு அது தேவை. சகர உரசலில் உயர்ந்த அதிர்வுகள் மிகுதி, எனவே காது உடனே திரும்புகிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டி அழுத்தினால் அது பூனையின் சீற்றம்போல் ஆகி, குட்டி கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். மெல்ல, குறுக, இரண்டு மூன்று முறை போதும்.

சிங்களத்தில் பூனைக்கு ‘பளலா’ என்ற இன்னொரு பெயரும் உண்டு. அது வடமொழி ‘பிடால’த்தின் வழியில் வந்தது. ‘பூஸா’ ஒலியிலும் இடத்திலும் நம் பூசைக்கு மிக அருகில் நிற்கிறது.

பூனைக்கு வேறு பெயர்கள் என்று பதினைந்து இருபது சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று சுற்றுகிறது. மகனின் பள்ளிக் கட்டுரைக்கு அதை அப்படியே கொடுக்கலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

கொடுக்க வேண்டாம். அந்தப் பட்டியல் செய்யுள் எழுதுவோருக்காக நிகண்டுகள் தொகுத்தது. அதில் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளை. பூசை, பூஞை, பூனை ஒரு குடும்பம். வெருகு தனி. மார்ச்சாரம் அல்லது மார்ச்சாலம் வடமொழி. துடைத்துத் தூய்மை செய்தல் என்ற வினையடியிலிருந்து வந்ததாகக் கொள்வர். நாள் முழுதும் தன்னையே நக்கித் துடைக்கும் விலங்குக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! விலாளம், விடாலம் என்பவை ‘பிடால’த்தின் தமிழ் உருவங்கள். ‘இற்புலி’ என்பது இல் என்பதும் புலி என்பதும் சேர்ந்தது, வீட்டுப்புலி. மிக அழகான சொல், ஆனால் பேச்சில் யாரும் ஆண்டு கேட்டதில்லை.

இவற்றில் மார்ச்சாரம் மட்டும் ஒரு தனி வாழ்வு வாழ்ந்திருக்கிறது. வைணவத்தில் சரணாகதி பற்றிய விவாதத்தில் தென்கலையார் சொல்வது மார்ச்சார நியாயம், வடகலையார் சொல்வது மர்க்கட நியாயம். குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி ஒன்றுமே செய்ய வேண்டாம், தாயே பிடரியைக் கவ்வித் தூக்கிச் செல்லும். இறைவன் அருள் எந்த வகை என்பதுதான் கேள்வி. தாய்ப்பூனை பிடரியைக் கவ்வியதும் குட்டி கால்களை மடக்கி அசையாமல் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமையின் ஆழம் சொல்லாமலே புரியும்.

மகனுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு முறை. பட்டியலில் உள்ள சொல் நிகண்டில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். திவாகரத்தில் மூன்றாம் தொகுதி விலங்கினப் பெயர், பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குப் பல பொருள். சூடாமணியின் பதினோராம் தொகுதி எதுகை வரிசையில் அடுக்கியது; பூசையைத் தேடுபவர் முதலெழுத்தை விட்டு இரண்டாம் எழுத்தான சகரத்தில் தேட வேண்டும். பலர் பகரத்தில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று மூடிவிடுகிறார்கள். பிறகு, ஏதாவது ஒரு பாட்டில் அந்தச் சொல் ஆளப்பட்டிருக்கிறதா? கடைசியாக, இன்று எங்காவது பேசுகிறார்களா? மூன்றும் உள்ளவை பூனையும் பூசையும்தான். கட்டுரையில் மூன்று சொல்லை இடமறிந்து ஆள்வது, இருபதை அடுக்குவதைவிட மேல்.

பூனைக்குட்டி என்பதே சரியா? ‘பூனைப்பிள்ளை’ என்று பாட்டி சொல்வார். ‘பறழ்’ என்றும் ஒரு சொல் இருக்கிறதாமே. (வாசகி, திருச்சி)

மூன்றுமே சரி. மரபியல் நூற்பா தெளிவாகவே சொல்கிறது: ‘மூங்கா வெருகு எலி மூவரி அணிலொடு ஆங்கவை நான்கும் குட்டிக்கு உரிய’. கீரி, வெருகு, எலி, முதுகில் மூன்று வரியுள்ள அணில் ஆகிய நான்கின் இளமைப் பெயர் குட்டி. அடுத்த நூற்பா, ‘பறழ் எனப் படினும் உறழ் ஆண்டு இல்லை’. பறழ் என்றாலும் தவறில்லை. இன்று பறழ் பேச்சில் இல்லை, குட்டி நிலைத்துவிட்டது.

பாட்டி சொன்ன பிள்ளைக்கும் வலுவான சான்று மேலே வந்த ‘பிள்ளை வெருகு’. கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கிளிப்பிள்ளை என்று இன்றும் வயது பார்க்காமல் சொல்கிறோம். தென்னங்கன்றுக்குக்கூடத் தென்னம்பிள்ளை. மனிதக் குழந்தையின் பெயரையே கொடுத்துவிடும் அந்தப் பரிவு தமிழில் நிறைய உண்டு. பூனைக்கு மட்டும் அது பொதுவழக்கில் ஒட்டவில்லை. பாட்டி வாயில் ஒட்டியிருக்கிறதென்றால் காப்பாற்றி வையுங்கள்.

பெரிய ஆணுக்குக் கடுவன் பூனை, பெண்ணுக்குப் பெட்டைப் பூனை. ‘கடுவன்’ மரபியலில் ஆண்குரங்கின் பெயர். பூனைக்கு வந்தது பின்னால்.

பூனை அஃறிணை. ஆனால் என் மனைவி ‘பூசை வந்துட்டாளா, சாப்பிட்டாளா’ என்றே கேட்பாள். இலக்கணப்படி பிழைதானே? (வாசகர், தஞ்சாவூர்)

பிழையில்லை, ஐயா. நன்னூல் 379: ‘உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே’. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகியவற்றால் பாலோ திணையோ மாறினாலும் அதை ஏற்கலாம் என்பது விதி. இதற்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டே ஒரு பசு. அதைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது உவப்பினால் வந்த திணைவழுவமைதி. பசுவுக்கு உண்டென்றால் பூசைக்கும் உண்டு.

பத்திரிகைச் செய்தியில் ‘பூனை மீட்கப்பட்டாள்’ என்று எழுதினால் அது வேறு. அங்கே உவப்பு யாருடையது என்ற கேள்வி வரும். வீட்டுப் பேச்சிலும் கதையில் ஒரு பாத்திரத்தின் வாயிலும் தாராளமாக வரலாம். ஒரே பத்தியில் ‘வந்தாள், தின்றது’ என்று மாற்றி மாற்றி எழுதாமல் இருந்தால் சரி.

‘யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும்’ என்பது உண்மையில் ‘ஆ நெய், பூ நெய்’தான், பசு நெய்யும் தேனும் என்கிறார்களே? (வாசகர், சென்னை)

ஏற்க முடியவில்லை. தேனைப் ‘பூ நெய்’ என்று ஆளும் வழக்கு பேச்சில் இல்லை; விளக்கத்துக்காகவே உருவான சொல்போல இருக்கிறது. பெரிய விலங்கையும் சிறிய விலங்கையும் எதிரெதிரே நிறுத்துவது பழமொழியின் இயல்பான கட்டு. இளமையில் நெய், முதுமையில் தேன் என்ற உணவுக் குறிப்பு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒலியைப் பிரித்துப் பொருள் காண்பதற்கு முன், பிரித்த துண்டு வேறெங்காவது தனியே வழங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

கம்பரின் பூசை பாற்கடலையே நக்கப் போனது. வீட்டுப் பூனைக்குப் பால் வைக்கலாமா? (வாசகி, கரூர்)

வளர்ந்த பூனைக்குப் பால் உணவாகாது. தாய்ப்பால் மறந்ததும் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடலில் குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை நீரை இழுத்துக் கழிச்சலில் முடியும். ஆசைக்கு ஒரு கரண்டி கொடுத்தால், மறுநாள் வரை மலத்தைப் பாருங்கள்; இளகினால் நிறுத்திவிடுங்கள். குட்டிகள் நான்காம் வாரத்திலிருந்து மெல்ல மற்ற உணவுக்கு மாறி, எட்டு வாரத்தில் முழுதும் மாறிவிடும். தாயற்ற பச்சைக்குட்டிக்குப் பசும்பால் போதாது. அதற்கென உள்ள குட்டிப் பால்மாவை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கம்பர் எழுதிய வினையைக் கவனித்தீர்களா? ‘நக்குபு’. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் வேக நிழற்படம் எடுத்துப் பார்த்தார்கள். பூனை நாக்கைக் கரண்டிபோல் குழிப்பதில்லை. நாக்கு நுனி பாலின் மேற்பரப்பைத் தொட்டுச் சட்டென்று மேலே போகிறது, ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய பால்தூண் எழுகிறது, அது விழுமுன் வாய் மூடிக்கொள்கிறது. நொடிக்கு ஏறத்தாழ நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 0.1 மில்லிலிட்டர் அளவு. அந்தக் கணக்கில் 100 மில்லி காலியாக நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். பாற்கடல் என்றால் எவ்வளவு காலம்! அவையடக்கத்தின் பணிவு அந்த ஒரு வினைச்சொல்லில்தான் நிற்கிறது.

குப்பைமேனிக்குப் ‘பூனைவணங்கி’ என்று பெயர் ஏன்? (வாசகர், திண்டுக்கல்)

செடியைப் பிடுங்கி வேரை வெளியே போட்டுப் பாருங்கள். பூனை முகர்ந்து, கன்னத்தைத் தேய்த்து, தலையைத் தாழ்த்தி, புரண்டு உருளும். அந்தத் தலை தாழ்த்தல்தான் வணக்கம். சித்த மருத்துவ வழக்கில் இதற்கே ‘மார்ச்சால மோகினி’ என்றும் பெயர், பூனையை மயக்குபவள். மேல்நாட்டில் ‘கேட்னிப்’ என்ற செடி செய்யும் வேலையை இங்கே இந்தக் களை செய்கிறது.

எல்லாப் பூனையும் ஒன்றுபோல் மயங்காது. கேட்னிப்பிலும் அப்படித்தான், அது பிறவியில் வருவது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. செடி நிற்கும்போது வேர் மண்ணுக்குள் இருப்பதால் தோட்டத்தில் ஒன்றும் நடக்காமல் போகலாம். சாலையோரத்திலும் மருந்தடித்த வயலிலும் பிடுங்கிய செடியைப் பூனையிடம் போடாதீர்கள். முகர்வதோடு நிற்காமல் சில பூனைகள் கடிக்கும்.

பூனைக்காலி வேறு. அதன் காய் பூனையின் பாதம்போல் மென்மயிர் போர்த்தியிருக்கும். தொட்டால் கடும் அரிப்பு. பெயரின் மென்மையை நம்பித் தடவிப் பார்க்க வேண்டாம்.

சிங்கப்பூரில் இரண்டு பூனைகள் வளர்க்கிறோம். ‘பூசை’ என்றே ஒன்றுக்குப் பெயர் வைக்கலாமா? பூனைக்கு உண்மையில் தன் பெயர் தெரியுமா? மடியில் படுத்து ‘குர்ர்’ என்கிறதே, அதற்குத் தமிழில் என்ன சொல்? (வாசகி, சிங்கப்பூர்)

தாராளமாக வைக்கலாம். பெயர் தெரியும் என்று ஜப்பானில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏறத்தாழ ஒரே நீளமுள்ள நான்கு சொற்களை வரிசையாகக் கேட்கவைத்து, பூனைகள் சலித்துப்போன பிறகு அதன் பெயரைச் சொன்னார்கள். காதோ தலையோ அசைந்தது. அறிமுகமில்லாத குரல் சொன்னபோதும் அசைந்தது. ஆனால் பல பூனைகள் வாழும் பூனை உணவகத்தில், தன் பெயரையும் கூட இருக்கும் பூனையின் பெயரையும் பிரித்தறிந்த சான்று கிடைக்கவில்லை. ஆகவே உங்கள் இரண்டாவது பூனைக்கு ‘ரோசி’, ‘மீசை’ என்று ஒட்டிய ஒலி வேண்டாம். ‘பூசை’, ‘கருப்பன்’ என்று முதலும் முடிவும் வேறாக இருக்கட்டும்.

பழக்கும் முறை எளிது. பெயரைச் சொன்ன ஓரிரு நொடிக்குள் உப்பில்லாமல் வேகவைத்த மீனில் சுண்டுவிரல் நகத்தளவு துண்டு கொடுங்கள். ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை போதும். மருந்து கொடுக்கவும் குளிப்பாட்டவும் பெயர் சொல்லி அழைக்காமல் நீங்களே போய் எடுங்கள். பெயருக்குப் பின்னால் கசப்பு வந்தால், கேட்டும் கேளாததுபோல் இருக்கக் கற்றுக்கொள்ளும்.

‘குர்ர்’ ஒலிக்குப் பள்ளிப் பாடநூலின் ஒலிமரபு உதவாது. அது ‘பூனை சீறும்’ என்பதோடு முடிகிறது. சீறுவது சினத்தில் மட்டும். ‘மியாவ்’ என்பதற்குக் கத்துகிறது என்கிறோம். மடியில் எழுப்பும் ஒலிக்கு நிலைத்த ஒரு வினை இல்லை. ‘குறுகுறுக்கிறது’ என்று எழுதிப் பாருங்கள், காதுக்கு ஒத்துவருகிறது. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் இடைவிடாமல் வருவது அதன் தனித்தன்மை. இழுப்பு நோயின் கரகரப்பு அப்படி வராது; அப்போது வாய் திறந்திருக்கலாம், விலா குழியலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வலியிலும் பூனை குறுகுறுக்கும். சாப்பாட்டை மோந்துவிட்டுப் போய் மூலையில் படுத்துக் குறுகுறுத்தால் அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் முழுதும் உண்ணாவிட்டால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பட்டினி நீண்டால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும்.